கம்ப்யூட்டரோடு மோத மாட்டேன்! வீரமா... கோழைத்தனமா?

நீங்கள் தோவாளைக்குப் போயிருக்கிறீர்களா? நாகர்கோவிலில் இருந்து திருநெல்வேலி போகிற சாலையில், ஆரல்வாய்மொழிக்குச் சற்று முன்னால் இருக்கிறது அந்த ஊர். பஸ் ஜன்னல் திறந்திருந்தால் போதும், தோவாளை வந்துவிட்டது என்று உங்கள் மூக்கே சொல்லிவிடும்! பிச்சி, மல்லி, அரளி, சம்பங்கி, கேந்தி, மரிக்கொழுந்து என்று அதிகாலையிலேயே பூச்சந்தை களை கட்டிவிடும். ஓணம் வந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். கேரளாவுக்குப் போகும் பூக்கூடைகளுக்கு நடுவே கால் வைக்க இடம் இருக்காது.

அந்த ஊரில்தான் என் அக்கா வீடு. போன விடுமுறைக்குப் போயிருந்தேன். திண்ணையில் ஆச்சி (அக்காவின் மாமியார்) பூ கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் என் அக்கா மகனும் அவன் நண்பர்களும். அக்கா மகன் ஏழாம் வகுப்பு படிக்கிறான். செஸ் என்றால் அவனுக்கு உயிர். பள்ளிக்கூடப் போட்டியில் கப் வாங்கியவன்.

பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவன் கையில் மொபைலோடு வந்தான். அதில் ஒரு செஸ் விளையாட்டு. இருப்பதிலேயே கஷ்டமான லெவலை வைத்து நீட்டினான்.

"லே, நீ பெரிய செஸ் சாம்பியன்லா? இந்தக் கம்ப்யூட்டர்கூட ஆடி ஜெயி, பாப்போம்!"

அக்கா மகன் மொபைலைப் பார்த்தான். தலையை ஆட்டினான்.

"நான் ஆட மாட்டேன்."

"பேடிச்சுட்டான் லே! பேடிச்சுட்டான்!" என்று எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள். நம்ம ஊரில் 'பேடிச்சுட்டான்' என்றால் பயந்துவிட்டான் என்று அர்த்தம்.

அவன் முகம் சிவந்துவிட்டது. எழுந்து உள்ளே போய்விட்டான். ராத்திரி சாப்பிடும்போது மெதுவாக என்னிடம் கேட்டான்:

"மாமா, நான் பயந்தாங்கொள்ளியா?"

குட்டீஸ், 'இல்லைடா கண்ணா' என்று சொல்லிவிடுவது சுலபம். ஆனால், யோசிக்காமல் சொல்லும் பதிலில் என்ன இருக்கிறது? அதனால், "நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, அன்று இரவு அவனுக்குச் சில கதைகள் சொன்னேன். எல்லாம் நிஜமாக நடந்த கதைகள். அவற்றையே உங்களுக்கும் சொல்கிறேன். கேட்டுவிட்டு நீங்களே ஒரு முடிவுக்கு வாருங்கள்!

கிரீடத்தைக் கழற்றி வைத்த கணக்கு வாத்தியார்

செக்கர்ஸ் என்று ஓர் ஆட்டம் உண்டு. செஸ் பலகை போலவே கறுப்பு, வெள்ளைக் கட்டங்கள். வட்டமான காய்களை மூலைவாட்டில் நகர்த்தி, எதிராளியின் காயைத் தாண்டிக் குதித்து வெட்ட வேண்டும்.

இந்த ஆட்டத்தில் அசைக்க முடியாத மன்னராக இருந்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த மரியன் டின்ஸ்லி. கல்லூரியில் கணக்குப் பேராசிரியர். 1950-ல் இருந்து 1995-ல் இறக்கும் வரை, 45 ஆண்டுகளில் அவர் தோற்ற ஆட்டங்கள் எத்தனை தெரியுமா? வெறும் 7!

கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஜோனதன் ஷேஃபர் என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும் செக்கர்ஸ் ஆடும் ஒரு கம்ப்யூட்டர் புரோகிராமை உருவாக்கினார்கள். அதன் பெயர் சினூக். 1990-ல் அமெரிக்கத் தேசியப் போட்டியில் டின்ஸ்லிக்கு அடுத்த இடத்தைப் பிடித்தது சினூக். அப்படி இரண்டாம் இடம் பிடிப்பவருக்கு உலகப் பட்டத்துக்காக சாம்பியனோடு மோதும் உரிமை உண்டு.

ஆனால், செக்கர்ஸ் சங்கங்கள் மறுத்துவிட்டன. 'உலக சாம்பியன் பட்டம் மனிதர்களுக்கானது. இயந்திரத்துக்கு அதில் என்ன வேலை?' என்பது அவர்களுடைய வாதம்.

இந்த இடத்தில் டின்ஸ்லி என்ன செய்திருக்கலாம்? 'நல்லதாப் போச்சு' என்று சும்மா இருந்திருக்கலாம். யாரும் அவரைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால், அவர் தன் உலக சாம்பியன் பட்டத்தையே துறந்துவிட்டார்! பட்டம் இருந்தால்தானே தடை? பட்டம் இல்லாத சாதாரண மனிதனாகக் கம்ப்யூட்டரோடு ஆடலாமே!

கடைசியில் சங்கங்களும் இறங்கி வந்தன. 'மனிதன்-இயந்திரம்' உலக சாம்பியன் போட்டி என்று தனியாக ஒன்றை ஏற்படுத்தின. 1992-ல் லண்டனில் அந்தப் போட்டி நடந்தது. டின்ஸ்லி 4 ஆட்டங்களில் வென்றார். சினூக் 2-ல் வென்றது. மற்ற 33 ஆட்டங்களும் டிரா. 65 வயது மனிதர் ஜெயித்துவிட்டார்!

1994-ல் பாஸ்டன் நகரில் மறுபடியும் மோதினார்கள். 6 ஆட்டங்கள் நடந்தன. ஆறும் டிரா. அதற்கு மேல் டின்ஸ்லியால் ஆட முடியவில்லை. உடம்பு சரியில்லை என்று விலகிக்கொண்டார். அவருக்குப் புற்றுநோய் என்பது பிறகுதான் தெரிந்தது. அடுத்த ஆண்டு அவர் இறந்துவிட்டார்.

இந்த இடத்தில் அக்கா மகன் குறுக்கிட்டான். "அப்போ, அவரும் பாதியில ஆட மாட்டேன்னு சொல்லிட்டாரே மாமா?"

நல்ல கேள்வி! ஒரே மனிதர்தான். முதலில் யாரும் கேட்காதபோதே ஆட வந்தார். பிறகு முடியாதபோது நிறுத்திக்கொண்டார். இரண்டாவது தடவை அவரை யாராவது கோழை என்று சொல்வார்களா? ஆக, 'ஆட மாட்டேன்' என்ற வார்த்தையை மட்டும் வைத்து ஒருவரை எடை போட முடியாது. சரிதானே?

கம்ப்யூட்டரே ஆட மறுத்த கதை!

என்ன குட்டீஸ், தலைப்பைப் பார்த்து ஆச்சரியமா? மேலே படியுங்கள்.

1996-ல் செஸ் உலக சாம்பியனாக இருந்தவர் ரஷ்யாவின் கேரி காஸ்பரோவ். ஐ.பி.எம். நிறுவனம் 'டீப் ப்ளூ' என்ற ராட்சதக் கம்ப்யூட்டரை அவருக்கு எதிராக இறக்கியது. முதல் ஆட்டத்திலேயே கம்ப்யூட்டர் ஜெயித்து எல்லோரையும் அதிர வைத்தது. ஆனால், காஸ்பரோவ் சமாளித்து 4-2 என்று போட்டியை வென்றுவிட்டார்.

ஐ.பி.எம். சும்மா இருக்கவில்லை. டீப் ப்ளூவுக்கு இன்னும் பலம் ஏற்றியது. அது விநாடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளை அலசும் அளவுக்கு வளர்ந்தது. நீங்கள் 'ஒன்று' என்று சொல்லி முடிப்பதற்குள் 20 கோடி! 1997 மே மாதம் நியூயார்க்கில் மறுபடி போட்டி. 6 ஆட்டங்கள். இந்த முறை காஸ்பரோவ் 2.5 - 3.5 என்று தோற்றுவிட்டார். கடைசி ஆட்டம் 19 நகர்த்தல்களிலேயே முடிந்துவிட்டது.

"இன்னொரு போட்டி வையுங்கள்!" என்று காஸ்பரோவ் கேட்டார். 1996-ல் தோற்ற கம்ப்யூட்டருக்கு அவர் இன்னொரு வாய்ப்புக் கொடுத்தாரே, அதே போல. ஆனால், ஐ.பி.எம். ஒப்புக்கொள்ளவில்லை. டீப் ப்ளூவுக்கு ஓய்வு கொடுத்துவிட்டது. அதன் பாகங்கள் இப்போது அமெரிக்காவில் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன.

இப்போது யோசியுங்கள். தோற்ற மனிதன் 'வா, மறுபடி ஆடலாம்' என்கிறான். ஜெயித்த கம்ப்யூட்டரின் சொந்தக்காரர்கள் 'வேண்டாம்' என்கிறார்கள். இதில் யார் வீரர், யார் பயந்தவர்?

அவசரப்பட வேண்டாம்! ஐ.பி.எம். பக்கமும் நியாயம் இருக்கலாம். உலக சாம்பியனை வெல்ல ஒரு கம்ப்யூட்டரால் முடியும் என்று காட்டுவதுதான் அவர்கள் நோக்கம். காட்டிவிட்டார்கள். வேலை முடிந்தது. ஆனால், 'ஜெயித்தவுடன் மூட்டை கட்டிவிட்டார்களே' என்று வருத்தப்பட்ட ரசிகர்களும் உண்டு. நீங்கள் எந்தக் கட்சி? மனதுக்குள் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

கூடவே இன்னொன்றையும் கவனியுங்கள். கம்ப்யூட்டருக்குப் பயமும் கிடையாது, வீரமும் கிடையாது. தோற்றால் அதற்கு ராத்திரி தூக்கம் கெடாது. ஜெயித்தால் அது அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொல்லாது. ஆட மறுத்தது கம்ப்யூட்டர் அல்ல. அதன் பின்னால் இருந்த மனிதர்கள்தான்.

ஆடிவிட்டு விடைபெற்றவர்

அடுத்து, தென்கொரியா போவோம். அங்கே செஸ்ஸைவிடப் பிரபலமான ஆட்டம் 'கோ'. குறுக்கும் நெடுக்குமாக 19 கோடுகள் போட்ட பலகையில் கறுப்பு, வெள்ளைக் கற்களை வைத்து இடம் பிடிக்க வேண்டும். விதிகள் கொஞ்சம்தான். ஆனால், ஆட்டம் கடல் போன்றது. 'செஸ்ஸில் மனிதனை ஜெயிக்கலாம், கோ ஆட்டத்தில் கம்ப்யூட்டரின் பாச்சா பலிக்காது' என்றுதான் ரொம்ப நாளாகப் பலரும் நம்பிக்கொண்டிருந்தார்கள்.

லீ சேடோல் அந்த ஆட்டத்தின் சூப்பர் ஸ்டார். 12 வயதிலேயே தொழில்முறை ஆட்டக்காரர் ஆனவர். 18 சர்வதேசப் பட்டங்கள் வென்றவர். 2016 மார்ச் மாதம் சியோல் நகரில், கூகுளின் டீப்மைண்ட் நிறுவனம் உருவாக்கிய 'ஆல்பாகோ' புரோகிராமோடு மோதினார். போட்டிக்கு முன்பு, தானே சுலபமாக ஜெயிப்பேன் என்று நம்பினார்.

முதல் ஆட்டம் தோல்வி. இரண்டாவதும் தோல்வி. மூன்றாவதும் தோல்வி. ஐந்து ஆட்டப் போட்டி அங்கேயே முடிந்துவிட்டது. ஆனாலும் நான்காவது ஆட்டத்துக்கு வந்து உட்கார்ந்தார் பாருங்கள், அதுதான் விஷயம்! அந்த ஆட்டத்தில் அவர் வைத்த 78-வது கல் யாரும் எதிர்பாராதது. கம்ப்யூட்டர் தடுமாறியது. லீ ஜெயித்தார்! ஐந்தாவதில் மறுபடி தோல்வி. மொத்தத்தில் 1-4.

2019-ல் லீ சேடோல் ஓய்வு பெற்றார். நான் முதலிடத்துக்கே வந்தாலும், வெல்லவே முடியாத ஒன்று எனக்கு மேலே இருக்கிறதே என்பது போலத் தன் மனதில் இருந்ததை ஒளிக்காமல் சொன்னார். விடைபெறும்போதும் யாரோடு ஆடினார் தெரியுமா? தென்கொரியாவின் 'ஹான்டோல்' என்ற இன்னொரு கம்ப்யூட்டர் புரோகிராமோடு! அதில் ஓர் ஆட்டம் ஜெயித்து, இரண்டு தோற்றார்.

சிலர், 'இப்படிப் பாதியில் விலகலாமா?' என்று கேட்டார்கள். வேறு சிலர், 'மூன்று முறை தோற்ற பிறகும் நான்காவது முறை வந்து உட்கார்ந்தவரையா அப்படிச் சொல்கிறீர்கள்?' என்றார்கள். நீங்கள் என்ன சொல்வீர்கள்?

துணுக்கு

2006-ல் ஜெர்மனியின் பான் நகரில், அப்போதைய செஸ் உலக சாம்பியன் விளாதிமிர் கிராம்னிக், 'டீப் ஃபிரிட்ஸ்' புரோகிராமோடு மோதினார். இரண்டாவது ஆட்டத்தில், அடுத்த நகர்த்தலிலேயே தன் ராஜாவுக்கு 'செக்மேட்' வரப்போவதை அவர் கவனிக்கவே இல்லை! உலக சாம்பியனுக்கே கண் தவறும் குட்டீஸ்! அந்தப் போட்டியில் அவர் 2-4 என்று தோற்றார்.

நம்ம ஊர்க் கதைகள்

வெளிநாட்டுக் கதை போதும், நம்ம ஊருக்கு வருவோம்.

முதலில் பெங்களூரில் பிறந்த சகுந்தலா தேவி. 'மனிதக் கம்ப்யூட்டர்' என்று உலகமே அவரை அழைத்தது. 1977-ல் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் அவருக்கு ஒரு கணக்குக் கொடுத்தார்கள். 201 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணின் 23-ம் படி மூலம் என்ன? அதாவது, எந்த எண்ணை 23 தடவை எழுதி ஒன்றோடு ஒன்று பெருக்கினால் அந்த மாபெரும் எண் வரும்? அந்த எண்ணைக் கரும்பலகையில் எழுதி முடிக்கவே சில நிமிடங்கள் ஆகும். சகுந்தலா தேவி 50 விநாடிகளில் விடையைச் சொல்லிவிட்டார்! விடை சரிதானா என்று பார்க்க, கம்ப்யூட்டருக்குத் தனியாக ஒரு புரோகிராம் எழுத வேண்டியிருந்ததாம்.

இன்றைக்கு ஒரு சாதாரண மொபைல் அந்தக் கணக்கைக் கண் இமைப்பதற்குள் போட்டுவிடும். அதனால் சகுந்தலா தேவியின் பெருமை குறைந்துவிட்டதா என்ன?

அடுத்து, நம் விஸ்வநாதன் ஆனந்த். 1998-ல் இத்தாலியின் இஸ்கியா தீவில் 'ரெபெல்' என்ற புரோகிராமோடு 8 ஆட்டங்கள் ஆடினார். வேகமாக ஆடும் ஆட்டங்களில் கம்ப்யூட்டரின் கை ஓங்கியது. நிதானமாக யோசித்து ஆடிய இரண்டு ஆட்டங்களில் ஆனந்துக்கு 1.5, கம்ப்யூட்டருக்கு 0.5. மொத்தத்தில் கம்ப்யூட்டர் 5-3 என்று வென்றது. ஆனந்த் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டே, ஸ்பெயினின் லியோன் நகரில் ஒரு புதுமையான போட்டியில் கலந்துகொண்டார். அதில் ஒவ்வொரு வீரரும் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு, அதன் உதவியோடு ஆடலாம். அதில் அனடோலி கார்போவை ஆனந்த் வென்றார். எதிரியாக வந்த கம்ப்யூட்டரை நண்பனாக்கிக்கொண்டார்!

மூன்றாவது கதைதான் ரொம்ப முக்கியம். சென்னையைச் சேர்ந்த குகேஷ். 12 வயதில் கிராண்ட்மாஸ்டர். 2024 டிசம்பர் 12-ம் தேதி சிங்கப்பூரில் சீனாவின் டிங் லிரெனை வென்று, 18 வயதில் உலக சாம்பியன்! இதெல்லாம் உங்களுக்கே தெரியும். தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். குகேஷ் சிறுவனாக இருந்தபோது அவருடைய பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தார். கம்ப்யூட்டர் செஸ் புரோகிராம்களின் பக்கமே போகக் கூடாது! கிராண்ட்மாஸ்டர் அளவுக்கு வளரும் வரை குகேஷ் அவற்றைப் பயன்படுத்தாமலேயே பயிற்சி எடுத்தார்.

மற்றப் பிள்ளைகள் எல்லாம் ஒரு பொத்தானைத் தட்டி, 'சரியான நகர்த்தல் எது?' என்று பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. இங்கே ஒரு பையன் பலகையின் முன்னால் உட்கார்ந்து, தானே யோசித்து, தானே தப்பு செய்து, தானே திருத்திக்கொண்டிருந்தான். நாம் தவழ்ந்து, விழுந்து, எழுந்துதானே நடக்கக் கற்றோம்? அதே கதைதான்.

இது பயமா? இல்லையே! குகேஷும் விஷ்ணு பிரசன்னாவும் கம்ப்யூட்டரைக் கண்டு ஓடவில்லை. எதற்காகத் தள்ளி வைக்கிறோம் என்று தெரிந்து தள்ளி வைத்தார்கள். கால் ஊன்றிய பிறகு, கம்ப்யூட்டர் உதவியையும் எடுத்துக்கொண்டார்கள்.

பைக்கோடு ஓட்டப்பந்தயம் ஓடுவோமா?

இப்போது கொஞ்சம் யோசிக்கலாம், வாருங்கள்.

உங்கள் வகுப்பிலேயே வேகமாக ஓடுகிறவன் ஒருவன் இருப்பான். அவனிடம் போய், "ஒரு பைக்கோடு ஓட்டப்பந்தயம் ஓடு பார்ப்போம்" என்றால் ஓடுவானா? சிரித்துவிட்டுப் போய்விடுவான். அவனை யாரும் பயந்தாங்கொள்ளி என்று சொல்ல மாட்டோம். பளு தூக்கும் வீரரிடம் "கிரேனோடு மோதுங்கள்" என்று சொல்வோமா? மாட்டோம்.

பிறகு ஏன் செஸ்ஸில் மட்டும் "பேடிச்சுட்டான்" என்கிறோம்? காலும் கையும் இயந்திரத்திடம் தோற்பது நமக்குப் பழகிவிட்டது. மூளை தோற்பது இன்னும் பழகவில்லை. அவ்வளவுதான்!

இன்னொன்றும் உண்டு. டின்ஸ்லியும் காஸ்பரோவும் லீ சேடோலும் ஆட உட்கார்ந்தபோது, யார் ஜெயிப்பார்கள் என்று உலகத்தில் யாருக்கும் தெரியாது. அந்தக் கேள்விக்கு விடை கண்டுபிடிக்கத்தான் அவர்கள் ஆடினார்கள். தோற்றால் உலகமே பார்க்கும் என்று தெரிந்தும் ஆடினார்கள். அது பெரிய தைரியம். இன்றைக்கு விடை தெரிந்துவிட்டது. ஒரு நல்ல செஸ் புரோகிராமை முழுபலத்தோடு விட்டால், உலக சாம்பியனாலும் அதை ஜெயிக்க முடியாது. ஆகவே, அன்றைக்கு மறுப்பதும் இன்றைக்கு மறுப்பதும் ஒன்றல்ல.

அதற்காக, எப்போது மறுத்தாலும் அது வீரம்தான் என்று நினைத்துவிடாதீர்கள்! 'கம்ப்யூட்டரோடு ஆடுவது என் தகுதிக்குக் குறைவு' என்று வெளியே சொல்லிவிட்டு, உள்ளுக்குள் 'தோற்றால் எல்லோரும் சிரிப்பார்களே' என்று நடுங்கினால்? அது வேறு கதை. வெளியே சொல்லும் காரணமும் உள்ளே இருக்கும் காரணமும் வேறு வேறாக இருக்கிறது பாருங்கள், அங்கேதான் கோழைத்தனம் ஒளிந்திருக்கிறது.

ஓர் இடத்தில் மட்டும் தயங்காமல் மறுக்கலாம். மனிதனோடு ஆடுவதாகச் சொல்லி உட்கார வைத்துவிட்டு, எதிராளி ரகசியமாகக் கம்ப்யூட்டரைப் பார்த்துப் பார்த்துக் காய் நகர்த்தினால், அது போட்டியே இல்லை, ஏமாற்று. அதனால்தான் பெரிய செஸ் போட்டிகளில் ஆடும் அரங்குக்குள் மொபைல் கொண்டுபோக விடுவதில்லை.

ஆச்சியின் மாணிக்கமாலை

மறுநாள் காலை. ஆச்சி திண்ணையில் மாணிக்கமாலை கட்டிக்கொண்டிருந்தார். தோவாளைக்கே பேர் வாங்கிக் கொடுத்த மாலை அது. சிவப்பு அரளி, வெள்ளை அரளி, பச்சை நொச்சி இலை. இவற்றை மடித்து மடித்து, பாய் முடைவது போலத் தட்டையாகத் தொடுப்பார்கள். தூரத்தில் இருந்து பார்த்தால் மாணிக்கக் கற்கள் பதித்த அட்டிகை மாதிரி ஜொலிக்கும்! 2025-ல் இந்த மாலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதாவது, 'இது தோவாளையின் சொத்து' என்பதற்கு அரசாங்க முத்திரை.

அக்கா மகன் ஆச்சியிடம் கேட்டான்: "ஆச்சி, இந்த மாலையக் கட்டுறதுக்கு ஒரு மெசின் வந்தா, அதுகூடப் போட்டி போடுவியா?"

ஆச்சி கையை நிறுத்தவில்லை. விரல்கள் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தன.

"வேகமாக் கட்டணும்னா மெசின் கட்டிட்டுப் போட்டும் மக்ளே. எனக்கு என்ன? ஆனா, மெசின் வந்துட்டுன்னு பேடிச்சுக் கட்டுறதையே விட்டுட்டேன்னு வச்சுக்கோ, அப்பதான் நான் தோத்துட்டேன்னு அர்த்தம்."

அக்கா மகன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

"மாமா, ஒரு உண்மையச் சொல்லட்டா? கம்ப்யூட்டர்கூட ஆடினா தோத்துருவேன்னு தெரியும். அது எனக்குப் பெருசில்ல. ஆனா, எல்லாரும் பாத்துச் சிரிப்பாங்களேன்னுதான் ஆட மாட்டேன்னு சொன்னேன்."

குட்டீஸ், நேற்று அவன் 'ஆட மாட்டேன்' என்று சொன்னது வீரமா என்று எனக்குத் தெரியாது. ஆனால், இன்று இதைச் சொன்னானே, இது வீரம்! எனக்குத் துளிகூடச் சந்தேகம் இல்லை.

இப்ப யாருலே பேடிச்சது?

அன்று சாயங்காலம் நண்பர்கள் மறுபடி வந்தார்கள். பக்கத்து வீட்டு அண்ணனும் வந்தான். அக்கா மகன் நேராகப் போய், "அந்த மொபைலக் கொண்டா" என்றான். அதே கஷ்டமான லெவல். எல்லோரும் சுற்றி நின்றார்கள். 23 நகர்த்தல்களில் தோற்றுவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சேர்ந்து சிரித்தான். வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை!

பிறகு உள்ளே போய்ச் செஸ் பலகையைக் கொண்டுவந்து விரித்தான். காய்களை அடுக்கினான்.

"சரி அண்ணே, கம்ப்யூட்டர் ஆடியாச்சு. இப்ப நீங்க வாங்க. நீங்களும் நானும் ஆடுவோம்."

அண்ணன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! "எனக்கு... கொஞ்சம் வேலை இருக்கு. நாளைக்கு ஆடலாமா?" என்று இழுத்தான்.

திண்ணையில் இருந்து ஆச்சியின் குரல் கேட்டது: "இப்ப யாருலே பேடிச்சது?"

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அண்ணனும் அசடு வழிந்துகொண்டே வந்து பலகை முன்னால் உட்கார்ந்தான். நல்ல பையன்தான். இருட்டி, திண்ணையில் விளக்குப் போடும் வரை ஆடினார்கள். நடு நடுவே சண்டை, சமாதானம், 'அந்தக் குதிரைய அங்க வச்சிருக்கக் கூடாது லே' என்று ஆராய்ச்சி. கம்ப்யூட்டரோடு ஆடியபோது இந்தச் சத்தம் எதுவும் இல்லை.

யார் ஜெயித்தது என்று கேட்கிறீர்களா? அதைச் சொல்ல மாட்டேன். ஆனால், மறுநாள் காலையில் அந்த அண்ணன்தான் முதலில் வந்து கதவைத் தட்டினான்!

உங்களுக்கு மூன்று கேள்விகள்

யாராவது உங்களை ஒரு போட்டிக்கு அழைத்து, நீங்கள் 'மாட்டேன்' என்று சொல்ல நினைத்தால், சொல்வதற்கு முன்னால் இந்த மூன்றையும் உங்களையே கேட்டுப் பாருங்கள்.

1. இந்தப் போட்டி நியாயமானதா? இல்லை, பைக்கோடு ஓடும் ஓட்டப்பந்தயமா?

2. ஆடினால் எனக்கு ஏதாவது கற்றுக்கொள்ளக் கிடைக்குமா? கிடைக்கும் என்றால், தோற்றாலும் நஷ்டமில்லையே!

3. 'மாட்டேன்' என்பதற்கு என் மனதில் இருக்கும் காரணத்தை அப்படியே எல்லோர் முன்னாலும் சொல்ல முடியுமா?

மூன்றாவது கேள்விக்கு 'முடியும்' என்றால், தைரியமாக மறுக்கலாம். யார் கைதட்டிச் சிரித்தாலும் கவலை வேண்டாம். 'முடியாது' என்றால்? பேசாமல் காய்களை அடுக்கிவிடுங்கள்!

சரி குட்டீஸ், ஐ.பி.எம். கதையை மனதுக்குள் குறித்து வைக்கச் சொன்னேனே, ஞாபகம் இருக்கிறதா? ஜெயித்த பிறகு 'இனி ஆட மாட்டோம்' என்றது சரியா, தப்பா? இந்தக் கேள்விகளை அவர்களிடம் கேட்டால் என்ன பதில் வரும்? இன்று ராத்திரி சாப்பிடும்போது அப்பா, அம்மா, ஆச்சி, தாத்தா எல்லோரிடமும் கேட்டுப் பாருங்கள். வீடே இரண்டு கட்சியாகப் பிரிந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம்!